ஏழரை மணிச் செய்தியும் என் ஹெல்மெட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஹெல்மெட் ரிவ்யூ இல்லை. எங்கள் பக்கம் கேபிளில் தினமும் இரவு ஏழரைக்கு ஓடும் லோக்கல் செய்தியைப் பற்றியது, அதிலும் போலீஸ் வாகனச் சோதனையை அவர்கள் எப்படிக் காட்டுகிறார்கள் என்பதைப் பற்றி மட்டும். சேனல் பெயரைப் போடப் போவதில்லை. அவரவர் ஊரில் இதே மாதிரி ஒன்று இருக்கும்: காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, ஜவுளிக்கடை விளம்பரம், நடுவில் இருபது நிமிடம் செய்தி. மாதாமாதம் காசு கொடுத்துத்தானே பார்க்கிறோம். புரோட்டாக் கடைக்கும் மெக்கானிக்குக்கும் ஸ்டார் போடுகிறவர்கள் இதற்கும் போடலாமே என்று தோன்றியது.

எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ரோடுதான். உரக் கம்பெனி ஒன்றில் ரெப். கும்பகோணத்தில் காலையில் கிளம்பினால் வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி. மறுநாள் பாபநாசம், அய்யம்பேட்டை, தஞ்சாவூர். அரசலாறு, குடமுருட்டி, வெண்ணாறு என்று ஆற்றுக்கு ஆறு பாலம், பாலத்துக்குப் பாலம் ஒரு வளைவு. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நான் நின்ற நேரத்தையெல்லாம் சேர்த்திருந்தால் தபாலில் இன்னொரு டிகிரி வாங்கியிருக்கலாம். இத்தனை வருடத்தில் என்னை எத்தனை இடத்தில் மடக்கியிருப்பார்கள் என்று கணக்கு வைத்ததில்லை, ஆனால் எங்கே நிற்பார்கள், எங்கே நிற்க மாட்டார்கள் என்பது மனப்பாடம். பிரச்சினையே அதுதான், பின்னால் வருகிறேன்.

போன வருடம் ஆடி மாதக் கடைசி. வீட்டிலிருந்து கடை முக்கால் கிலோமீட்டர், தேங்காய் வாங்கப் போனேன். பக்கத்தில்தானே என்று ஹெல்மெட்டை ஆணியிலேயே விட்டுவிட்டேன். திரும்பும்போது முனையில் கை காட்டிவிட்டார்கள். ஏட்டய்யா மரியாதையாகத்தான் பேசினார், கையில் இருந்த மெஷினில் வண்டி நம்பரைத் தட்டினார், 1,000 ரூபாய் செலான் வந்தது, போனிலேயே கட்டினேன். எல்லாம் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றதை பக்கத்தில் ஒரு தம்பி கேமராவில் எடுத்துக்கொண்டிருந்ததை மட்டும் கவனிக்கவில்லை.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன், மனைவி டிவியையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறாள். "என்னங்க, இது நீங்கதானே?" கையில் தேங்காய்ப் பை வேறு பளிச்சென்று தெரிகிறது, மறுக்க வழியில்லை. அரை மணி நேரத்தில் யாரோ புண்ணியவான் அந்தத் துண்டை வாட்ஸ்அப்பில் ஏற்றி, அது மயிலாடுதுறை வரைக்கும் போய், மாமியார் போன். "மாப்பிள்ளை, ஒண்ணும் அடிகிடி படலையே? போலீஸ்லாம் நின்னாங்களாமே?" என்று எழவு விசாரிக்கிற குரலில் விசாரித்தார். கட்டிய ஆயிரம் மறுநாளே மறந்துபோனது. அந்த போன் இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து தேங்காய்க்குப் போனாலும், எதிர்வீட்டுக்கு வண்டியில் போனாலும் தலையில் ஹெல்மெட்.

ஆக, சரக்கு வேலை செய்கிறது. அதை ஒத்துக்கொண்டுதான் குறை சொல்ல வருகிறேன். அன்றைக்கு என்னை மானத்தை வாங்கித் திருத்திய அதே சேனல், வருடத்தில் பாதி நாள் என்ன செய்கிறது தெரியுமா? போலீஸ்காரர் வெயிலில் நின்று செய்கிற வேலையைக் கெடுக்கிறது. வேண்டுமென்று இல்லை, யோசிக்காமல்.

முதலில் வசூல் கதை. "ஒரே நாளில் இத்தனை பேர் மீது வழக்கு, இத்தனை லட்சம் ரூபாய் அபராதம் வசூல்" என்று ஆரம்பிப்பார்கள். அதே வார்த்தைதான் கீழே ஓடும் எழுத்திலும், வாசிக்கிற பெண் அழுத்திச் சொல்வதும் அந்த 'வசூல்' என்கிற சொல்லைத்தான். அடுத்த நாள் காலை டீக்கடையில் என்ன பேச்சு நடக்கும்? "மாசக் கடைசி, டார்கெட் முடிக்கணும்ல" என்பார் ஒருவர். "கஜானா காலி போல" என்பார் இன்னொருவர். எந்த வளைவில் போன மாதம் யார் தலை உடைந்தது, எதனால் அந்த முனையில் சோதனை போட்டார்கள், எவனுக்கும் தெரியாது, ஏனென்றால் செய்தியில் அது இல்லவே இல்லை. தொகையை மட்டும் சொன்னால் பார்க்கிறவனுக்கு அது வரி மாதிரிதான் தெரியும். வரியை எப்படி ஏமாற்றுவது என்றுதானே நம் ஆட்கள் யோசிப்பார்கள்.

இத்தனைக்கும் சொல்வதற்கு எண்ணிக்கை இல்லாமல் இல்லை. மத்திய அரசு வருடா வருடம் போடுகிற சாலை விபத்து அறிக்கையிலேயே இருக்கிறது: 2022-ல் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்து, நாட்டிலேயே அதிகம், செத்தவர்கள் 17,884 பேர். நாடு முழுக்க ஹெல்மெட் போடாமல் போய் இறந்தவர்கள் 50,029, அதில் 14,337 பேர் வண்டி ஓட்டியவர்கள்கூட இல்லை, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். என் மனைவி பின்னால் உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டாவது எண்தான் ஞாபகம் வருகிறது. பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது, எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அது வதந்தி மாதிரிதான் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு எண், ஒரு வரி போதும், கண்ணீர் அஞ்சலிக்கு நடுவில் அதற்கு இடம் இல்லையா என்ன.

தொகை பயமுறுத்தும் என்ற நம்பிக்கையை நான் விட்டு ரொம்ப நாளாகிறது. 2015-ல் ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று ஹைகோர்ட் சொன்னதே, ஞாபகம் இருக்கிறதா? செய்தியில் விடாமல் ஓடியது. கடையில் சரக்கு தீர்ந்து, ரோட்டோரத்தில் தார்ப்பாய் விரித்துக் குவித்து விற்றார்கள், விலை ஏறியது, நானே ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் ஒரு பிளாஸ்டிக் சட்டியை வாங்கி மாட்டினேன். ஒரு மாதம் ஊரே ராணுவம் மாதிரி போனது. அப்புறம் ஒவ்வொன்றாகக் கழன்று பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்தது. 2022 அக்டோபரில் 100 ரூபாய் ஃபைன் 1,000 ஆனது, பத்து மடங்கு. அப்போதும் அதே கதை: இரண்டு வாரம் பயம், மூன்றாவது வாரம் பழைய குருடி கதவைத் திறடி. தொகை அப்படியேதான் இருந்தது. பிடிபடுவோம் என்ற நினைப்புதான் போய்விட்டது.

இது நம் ஊர்க் குணம் என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் 1967 அக்டோபரில் குடித்துவிட்டு ஓட்டுகிறவரை ஊதச் சொல்லிப் பிடிக்கும் சட்டம் வந்தபோது, பேப்பரும் டிவியும் போட்ட சத்தத்தில் ராத்திரி விபத்துகள் சடாரென்று இறங்கின. சில வருடத்தில் மெல்ல மறுபடி ஏறின. ஊதச் சொல்லி நிறுத்துகிற போலீஸ் நினைத்த அளவுக்கு ரோட்டில் இல்லை என்று குடிகாரர்களுக்குத் தெரிந்துபோனதுதான் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். வெள்ளைக்காரனும் டேங்க் மேல் ஹெல்மெட்டை வைக்கிற ஜாதிதான்.

இரண்டாவது குறை, எனக்கு இதுதான் பெரிய கோபம்: இடத்தைச் சொல்லிவிடுவது. ராத்திரிச் செய்தியோடு நிறுத்தினால் பரவாயில்லை, சேனல்காரர்களே ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார்கள், அதில் காலை ஒன்பதரைக்கெல்லாம் "பாலம் அருகே தீவிர வாகனச் சோதனை, வாகன ஓட்டிகள் கவனம்" என்று போட்டோவோடு வந்துவிடும். என்ன கவனம்? வேறு வழியில் போகச் சொல்கிற கவனம்தான். ஒரு நாள் அந்தப் பாலத்துக்கு இருநூறு அடி இந்தப் பக்கம் டீக்கடையில் நின்று பார்த்தேன். எதிரே வருகிறவர்கள் பட்டப்பகலில் லைட்டை அடித்து அடித்துக் காட்டுகிறார்கள். ஒருவர் வேகத்தைக் குறைக்காமலே "நிக்கிறாங்க நிக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டே போகிறார். உடனே இந்தப் பக்கம் வருகிற வண்டிகள் வரிசையாக ஓரம் கட்டுகின்றன, முழங்கையில் தொங்கிய ஹெல்மெட் தலைக்கு ஏறுகிறது, நாடா மாட்டுவதில்லை, அப்படியே பாலத்தைத் தாண்டி அந்தப் பக்க அரச மரத்தடியில் மறுபடி கழற்றி முழங்கைக்கு. அதில் ஒரு பெரியவர் மட்டும் ஹெல்மெட்டே இல்லாதவர், கூச்சமே இல்லாமல் எனக்குப் பக்கத்தில் வந்து வண்டியை நிறுத்தி ஒரு டீ சொன்னார். "எத்தனை மணிக்குக் கிளம்புவாங்க தம்பி?" என்று கேட்டார். போனை எடுத்துக் குழுவைப் பார்த்தார். பதினோரு மணிக்கு "சோதனை நிறைவு" என்று வந்ததும் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். சேவை என்றால் இப்படி இருக்க வேண்டும்! பெரியவரைப் பொறுத்தவரை ஐந்துக்கு ஐந்து.

சரி, ஜனவரி மாதக் கூத்துக்கு வருவோம். சாலைப் பாதுகாப்பு மாதம். பேரணி, கல்லூரிப் பிள்ளைகள் கையில் பதாகை, ஹெல்மெட் போட்டவருக்கு ரோஜாப்பூ, போடாதவருக்கு அறிவுரை, சில இடத்தில் போடாதவருக்கும் லட்டு. எமதர்மன் வேஷம் கட்டி ஒருவர் பாசக்கயிற்றோடு ரவுண்டானாவில் நிற்பார், சேனல் அதை இரண்டு நாள் திருப்பித் திருப்பிப் போடும். நானும் சிரித்துப் பார்ப்பேன். போன முறை நிகழ்ச்சி முடிந்து அந்த எமன் கிரீடத்தோடேயே ஒரு பைக்கில் பின்னால் ஏறிப் போனார். கிரீடத்துக்கு மேல் ஹெல்மெட் நுழையாதுதான், ஒத்துக்கொள்கிறேன். இந்தச் செய்தியைப் பார்த்து யாராவது மாறினார்களா என்றால், எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. போலீஸையும் குறை சொல்ல முடியாது, கூப்பிட்டால் கேமரா வருவது இதற்கு மட்டும்தான்.

இவ்வளவு திட்டியும் ஏன் இன்னும் ஏழரைக்கு டிவி முன்னால் உட்காருகிறேன் என்றால், போன தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம். அந்த மூன்று வாரம் யார் யோசனையோ, புது எடிட்டரோ, புது அதிகாரியோ, இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்களோ, எல்லாமே வேறு மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டார்கள், நாளை முதல் ஊருக்குள்ளும் ஊருக்கு வருகிற எல்லா ரோட்டிலும் சோதனை உண்டு, காலையா மாலையா என்று தெரியாது, எந்த முனை என்றும் தெரியாது என்று. இடம் சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள். காரணம் சொன்னார்கள்: ஜவுளி எடுக்கச் சுற்றுக் கிராமத்துக் கூட்டம் முழுக்க ஊருக்குள் வரும் நேரம், ஒரு வண்டியில் மூன்று பேர், நான்கு பேர், மடியில் பை, இடுக்கில் குழந்தை. வாட்ஸ்அப் குழுவிலும் அந்த 'கவனம்' போட்டோ நின்றுவிட்டது. திங்கட்கிழமை எனக்கே தெரியாத ஒரு முனையில் நின்றார்கள், செவ்வாய் அதே முனையில் யாரும் இல்லை, புதன் ராத்திரி எட்டு மணிக்கு வேறு இடம். லைட் அடித்துக் காட்டுகிறவர்களுக்கே எங்கே அடிப்பது என்று தெரியவில்லை.

செய்தியிலும் மடக்கப்பட்டவரின் முகத்தை மறைத்துவிட்டு பேச்சை மட்டும் போட்டார்கள். ஏன் சார் போடலை என்று கேட்டால் ஒவ்வொருவரும் சொல்கிற காரணம் இருக்கிறதே, அது நம் வீட்டில் நாம் சொல்வதேதான்: பக்கத்துலதான், முடி கொட்டுது, காது கேக்கலை, இப்பத்தான் கழட்டினேன், கொளுத்துற வெயில். என்னை மாதிரி பேரைக் கெடுக்காமலே மனுஷனைக் கூச வைக்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் காக்கிச் சட்டையில் வந்த ஒருவரையே நிறுத்தி செலான் போட்டதைக் காட்டினார்கள். அது ஊரில் பேசப்பட்ட மாதிரி எந்த எமனும் பேசப்படவில்லை. டீக்கடையில் 'டார்கெட்' என்று பேசுகிறவர் அன்று ஒன்றுமே சொல்லவில்லை, வடையைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே இருந்தார்.

அதில் எனக்கு மறக்காதது ஒரு பால்காரர். கேன் கட்டின எக்ஸ்எல்லில் விடிகாலையில் வருகிறவர், ஆற்றங்கரை ரோட்டில் நாய் குறுக்கே வந்து விழுந்திருக்கிறார். அவர் பேசியது கொஞ்சம்தான். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிக் காட்டினார். இடது பக்கம் பெயின்ட் முழுக்க உராய்ந்து உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது, காதுக்கு மேலே விரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல், உள்ளே இருக்கிற தெர்மாகோல் அந்த இடத்தில் நசுங்கி நெற்றி அளவுக்குக் குழி. கேமரா அங்கேயே நின்றது, பின்னணி இசை கிடையாது, வாசிக்கிற பெண்ணும் பேசவில்லை. "இது என் மண்டையில ஆகியிருக்க வேண்டியது" என்று மட்டும் சொன்னார். அந்தத் தெர்மாகோல் நசுங்குவதற்குத்தான் இருக்கிறது, ஒரு முறை நசுங்கினால் அந்த ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது, ஐ.எஸ். 4151 என்ற முத்திரை பார்த்து வாங்க வேண்டும், 2021 ஜூனிலிருந்து முத்திரை இல்லாததை விற்பதே குற்றம் என்று அடுத்த ஒரு நிமிடத்தில் சொன்னார்கள். இரண்டு நிமிடச் செய்தி. மறுநாள் நான் அந்த 2015 பிளாஸ்டிக் சட்டியை, சும்மா இருக்கட்டும் என்று மனைவிக்கு வைத்திருந்ததை, குப்பையில் போட்டுவிட்டு புதிதாக ஒன்று வாங்கினேன்.

அந்த நாட்களில் அதே பாலத்து டீக்கடையில் டீ குடித்து முடிப்பதற்குள் போகிற வண்டிகளை எண்ணுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. இருபது வண்டிக்கு ஐந்து ஆறு ஹெல்மெட் என்று இருந்தது மூன்றாவது வாரத்தில் பதினான்கு பதினைந்துக்கு வந்தது. போலீஸே இல்லாத நேரத்தில், அதுதான் விஷயம். தீபாவளி முடிந்தது, செய்தி பட்டாசு விபத்துக்குப் போனது, அப்புறம் மழை, அப்புறம் மேட்டூர் தண்ணீர். கார்த்திகை பாதியில் எண்ணினேன், பத்து. பொங்கலுக்கு ஏழு.

இந்த ஏற்ற இறக்கத்தைப் பற்றித் தேடியபோது எல்மைரா என்று ஒரு ஊர் அகப்பட்டது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இருக்கிற சின்ன ஊர். அந்த நாட்டில் சீட் பெல்ட் கட்டாயம் என்று முதலில் சட்டம் போட்ட மாநிலம் அதுதான், 1984-ல். சட்டம் வந்தும் எல்மைராவில் 1985-ல் 49 சதவீதம் பேர்தான் பெல்ட் போட்டார்கள். போலீஸ் சோதனையையும் உள்ளூர்ச் செய்தி, விளம்பரத்தையும் ஒரே நேரத்தில் சில வாரம் விட்டார்கள், 77 ஆனது. நிறுத்தி நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் 66. மறுபடி சின்னதாக ஒரு சுற்று விட்டார்கள், 80. இதில் எனக்குப் பிடித்தது 66 தான். 49-க்கு இறங்கவில்லை பாருங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதாவது என் டீக்கடைக் கணக்கில் ஐந்து, பொங்கலுக்கு ஏழு என்று நின்றதே, அதுவும் நஷ்டமில்லை. இன்னொரு சுற்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். சேனலுக்கு அது பழைய செய்தி, அவ்வளவுதான்.

நல்ல பெயர் வாங்கிய கையோடு ஒரு பெரிய தப்பும் செய்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அப்பா வண்டியை எடுத்து வந்து மாட்டினான். சீருடையோடு, முகத்தோடு, அழ அழ இரண்டு நாள் போட்டார்கள். பெரியவர்கள் முகத்தை மறைத்தவர்கள் குழந்தை முகத்தை மறைக்கவில்லை. சட்டத்தில் மாட்டிய சிறுவர்களின் அடையாளத்தைச் செய்தியில் காட்டக்கூடாது என்று 2015-ல் வந்த சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது, அதில் 74-வது பிரிவு. சரி, சட்டம் கிடக்கட்டும், அதில் செய்தி என்ன? பையன் இல்லையே, அப்பாதானே? வண்டியைக் கொடுத்த பெரியவருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 2019-ல் திருத்திய சட்டத்தில் அத்தனையும் இருக்கிறது. இதில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. சாவியை நீட்டுகிற அப்பன்மார்கள் எத்தனை பேர் அன்றைக்கு டிவி பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை, பையன் மட்டும் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேள்வி.

மற்றவர்களோடு ஒப்பிடச் சொன்னால் சுருக்கமாகச் சொல்கிறேன். பேப்பரின் மாவட்டப் பக்கம்: தகவல் சரியாக இருக்கும், ஆனால் மறுநாள் வரும், அதுவும் 'போலீசார் தீவிரம்' என்று அரை விரல் நீளம், வரிசையாக அதிகாரிகள் நிற்கிற போட்டோ அதைவிடப் பெரிது. மாவட்டப் போலீஸே நடத்துகிற சமூக வலைதளப் பக்கம்: நல்லதுதான், ஆனால் அதைப் பார்க்கிறவர் ஏற்கெனவே ஹெல்மெட் போடுகிறவராக இருப்பார் என்று என் ஊகம். என் மாமியாருக்குப் போய்ச் சேருவது கேபிள்தான். ஒரு விஷயத்தில் கேபிளுக்கு முழு மார்க் போடுவேன்: செலான் வந்திருக்கிறது, இந்த ஆப்பை இறக்கு என்று வாட்ஸ்அப்பில் வருகிற மோசடியைப் பற்றி மூன்று முறை தெளிவாகப் போட்டார்கள், வந்த லிங்க்கைத் தொடாதே, அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு நீயே பார் என்று. என் மச்சான் அதைப் பார்த்துத்தான் தப்பித்தான். வங்கிக் கணக்கில் இருந்த மாட்டுப் பணம் தப்பியது.

இன்னும் ஒன்று பாக்கி, டெல்டாவில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியாது. எங்கள் ரோட்டில் ஆள் விழுவது ஹெல்மெட் இல்லாததால் மட்டுமா? அறுவடை ஆரம்பித்தால் பாதி ரோடு நெல். கொள்முதல் நிலையத்தில் ஈரம் ஜாஸ்தி என்று திருப்பி அனுப்பினால் பாவம் விவசாயி எங்கே காயவைப்பார், களம் இல்லை, ரோட்டில்தான் கொட்டுவார், சுற்றிலும் கல் வைப்பார். ராத்திரியில் நெல்லை மூடின கறுப்புத் தார்ப்பாயும் கறுப்பு ரோடும் ஒன்றாகத்தான் தெரியும். நானே உரம் விற்கிறவன், அவர்களைத் திட்ட வாய் வராது. ஆனால் அதைச் செய்தியாக்க ஒரு வழி இருக்கிறதே, எந்த ஊர்க் களம் இடிந்து கிடக்கிறது, எந்தக் கொள்முதல் நிலையத்தில் எத்தனை நாளாக மூட்டை தேங்கி இருக்கிறது என்று. இல்லை, இவர்களுக்கு நெல் என்றால் விவசாயச் செய்தி, விபத்து என்றால் கிரைம் செய்தி, இரண்டும் ஒரே ரோட்டில் கிடப்பது கண்ணில் படுவதில்லை. அடுத்தது அறுவடை இயந்திரம், அப்புறம் பின்பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லாமல் வைக்கோல் ஏற்றிக்கொண்டு போகிற டிராக்டர் டிரெய்லர்.

அந்த டிரெய்லர் விஷயத்தில் எனக்கே ஒரு அனுபவம். மாசி மாதம், மன்னார்குடியிலிருந்து திரும்பி வருகிறேன், மணி எட்டரை இருக்கும், எதிரே பஸ் லைட், கண் கூசுகிறது, பஸ் தாண்டியதும் முன்னால் ஒரு வீடு நிற்கிற மாதிரி வைக்கோல். எப்படி பிரேக் பிடித்தேன் என்று தெரியவில்லை, முகத்தில் வைக்கோல் உரசியது, ஹெல்மெட் கண்ணாடிக்குள் தூசி. டிராக்டர்காரருக்கு நான் இருந்ததே தெரியாது, பாட்டு போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். பின்னாலேயே போய் வீடியோ எடுத்து சேனல் நம்பருக்கு அனுப்பினேன், பதில் வராது என்று நினைத்துத்தான் அனுப்பினேன். மறுநாள் காலை கேமராத் தம்பியே கூப்பிட்டார். ஆளைக் கண்டுபிடித்துவிட்டார், "அண்ணே, நீங்க அந்தத் தேங்காய் அண்ணன்தானே?" என்று.

போட்டார்கள். நன்றாகவே போட்டார்கள், எந்த நேரம், எந்த வளைவு, ஏன் தெரியவில்லை என்று. இரண்டாம் நாள் போலீஸ் டிராக்டர்களை நிறுத்தி ஃபைன் போடாமல் பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள், அதையும் காட்டினார்கள். மூன்று ஸ்டார் போடலாம் என்று இருந்தவன் அதற்காக மூன்றரை போட்டேன்.

நேற்று ராத்திரி வலங்கைமான் தாண்டி வருகிறேன், முன்னால் அதே மாதிரி ஒரு டிரெய்லர். ஸ்டிக்கர் ஒட்டின வண்டிதான், ஓரத்தில் கொஞ்சூண்டு சிவப்பு மினுங்கியது, மீதி முழுக்க வைக்கோல் சரிந்து மூடியிருந்தது. வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், இன்றைக்கு அனுப்ப வேண்டும்.